ஸ்டோர் கடிகாரம் நின்ற நாள்

லோபாக் கிளினிக்கில் மருந்துக்கு உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் முள் டக்கென்று ஒரு தாவு தாவியது. மனம் எங்கள் பழைய எஸ்டேட்டுக்குப் போய்விட்டது.

அங்கே ஆபீஸில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அதிலிருந்து ரப்பர் ஸ்டோருக்குக் கரண்டுக் கம்பி வரும். ஆபீஸ் முள் நகர்ந்தால்தான் ஸ்டோர் முள்ளும் டக்கென்று நகரும். ஸ்டோர் கடிகாரம் பத்து காட்டினால்தான் தாய்மார்களைப் பிள்ளைக்குப் பால் கொடுக்க விடுவார்கள்.

ஒரு நாள் காலை மழையில் கம்பி அறுந்து, ஸ்டோர் கடிகாரம் ஒன்பதரையிலேயே நின்றுவிட்டது. பத்து தாண்டியும் அம்மா வராமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அழுது அழுது கைக்குழந்தைத் தம்பிக்குக் குரல் கம்மிவிட்டது. இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். புளித்த ரப்பர் நாற்றத்துக்கு நடுவே மிஷினில் ரப்பர் தகடு உருட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது.

"இன்னும் பத்தாவலயே, ராக்கம்மா," என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

எங்கள் அம்மா யாருக்கும் தலைகுனிந்தவள் இல்லை. "உங்க கடியாரம் நின்னுபோச்சு மண்டோரே. என் பாலு நிக்கலயே!"

மிஷின் சத்தத்தையும் மீறிப் பெண்கள் சிரித்தார்கள். "சரிலா, போ!" என்று மண்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசற்படியில் உட்கார்ந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். விடியுமுன் எழுந்த உடம்பு. அவன் குடித்து முடிப்பதற்குள் அப்படியே தூங்கிப்போனாள். தம்பி மடியிலிருந்து நழுவாமல் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.