கொலருக்குள் இருந்த குங்குமம்

நெஞ்சு வருத்தக்காரர் ஒருவருக்கென்று சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த ஜக்கெட்டை நான் களவெடுத்தேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

இதை எழுத எனக்குப் பல வருடங்கள் சென்றன. எழுத உட்காருவேன்… ‘ஒரு ஜக்கெட்தானே, ஆளையா கொன்றாய்?’ என்று மனம் கேட்கும். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிறவன். திருநீறு பூசாமல் வாசல் தாண்டாதவன். அப்படிப்பட்டவன் செய்ததுதான் இது. கேளுங்கள்.

அப்போது நாங்கள் ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். விமானங்கள் கூரையைத் தடவிக்கொண்டு இறங்குவது போலிருக்கும் ஒரு தெரு. நானும் என் மனைவி மலரும். மேலே சின்ன அறையில் நவம் அண்ணை. சொந்தக்காரர் இல்லை, ஆனால் சொந்தத்தைவிட நெருக்கம். மனைவி இறந்த பிறகு தனி ஆளாய் லண்டன் வந்தவர். விசா அலுவல் இழுபட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டுக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது. மலர் புட்டு அவிக்கும்போது குசினி யன்னல் முழுக்க ஆவி படியும். நவம் அண்ணை தேவாரம் முணுமுணுத்தபடி படியிறங்கி வந்து, அந்த ஆவியில் விரலால் ஓம் என்று எழுதுவார். “தங்கச்சி, உதைத் துடைச்சுப்போடாதை, தானாய் வடியட்டும்,” என்பார். அது வடிந்து முடிவதற்குள் நான் வேலைக்குப் போய்விடுவேன். அவ்வளவுதான்… அந்த அவ்வளவில் எவ்வளவு நிறைவு இருந்தது!

அவருக்குத் தொய்வு. குளிர் காற்று பட்டால் நெஞ்சு இழுக்கும். உடுக்க இருந்ததோ, யாரோ கொடுத்த ஒரு பழைய நீளக் கோட். “உள்ளுக்கை நான் இருக்கிறனோ எண்டு நானே தேடவேண்டிக் கிடக்கு,” என்று அதைப் போட்டுக்கொண்டு பகிடி விடுவார்.

ஒரு மார்கழியில் மலர் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, அடுத்த கிழமை அண்ணை விசா அலுவலாய் குரோய்டனுக்குப் போகவேணும். வெளியிலை லைனிலை நிக்கவேண்டி வரும். ஒரு நல்ல ஜக்கெட் எடுத்துக் குடுப்பம். உங்களுக்கும் ஒண்டு எடுங்கோ.”

மூவரும் கடைக்குப் போனோம். அங்கே நின்ற பிள்ளை எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். “அங்கிள், இது சாஃப்ட்ஷெல். மேலே காத்துப் போகாது, லேசா மழை பட்டாலும் ஓகே. உள்ளுக்கை பிளீஸ், கம்பளி மாதிரிச் சூடான துணி. பஸ், டிரெயின், ஷிப்ட், எல்லாத்துக்கும் டெய்லி போடலாம். பெரிய கோட் மாதிரி ஊதிக்கொண்டு நிக்காது,” என்றாள்.

நவம் அண்ணை அதைச் சும்மா விடவில்லை. துணியை வாயோடு வைத்து ஊதிப் பார்த்தார். மறுபக்கம் காற்று வருகிறதா என்று என் கையை வைக்கச் சொன்னார். போட்டுக்கொண்டு, பஸ்ஸில் கம்பி பிடிப்பது போல ஒரு கையைத் தூக்கினார், இடுப்பு தெரிகிறதா என்று பார்க்க. கதிரையில் இருந்து எழும்பினார். கொலரை நாடிவரை இழுத்தார். கடைசியாக இரண்டு கைகளையும் உடம்போடு உரசிக் காது கொடுத்துக் கேட்டார்.

“அதேன் அண்ணை?” என்று கேட்டாள் மலர்.

“கோயிலிலை சரசரத்தால் ஐயர் மந்திரத்தை விட்டிட்டு என்னைப் பாப்பார்.”

கடைப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. ஆனால் பிளீஸ் வைத்தது அந்த அளவில் ஒன்றுதான் மிச்சம். மற்றது உள்ளே மெல்லிய துணி மட்டும் வைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒரே கடும் நீலம்.

பிளீஸ் வைத்ததை நானும் போட்டுப் பார்த்தேன். சும்மாதான்… ஆனால் அந்தச் சூடு! இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து என் முதுகில் குடியிருந்த குளிர் ஒரு நொடியில் எழும்பிப் போனது போல இருந்தது. கழற்ற மனம் வரவில்லை.

“சூடானதைத் தம்பிக்குக் குடு தங்கச்சி. அவன் விடியவெள்ளன வேலைக்குப் போறவன்,” என்றார் நவம் அண்ணை.

“இல்லை அண்ணை, தொய்வு உங்களுக்குத்தானே. இது உங்களுக்கு,” என்றாள் மலர்.

“எனக்கு எதெண்டாலும் சரி,” என்றேன் நான்.

களவு அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது உடுப்பு எதுவானாலும் மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் பலகையில் வைத்து, விடிந்த பிறகுதான் உடுப்போம். ஜக்கெட்டுக்கும் அதே மரியாதைதான். கொலருக்குள் இருக்கும் வெள்ளை லேபிளில் மலர் மஞ்சள் தொட்டாள். என்னுடையதில் மட்டும் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைப்பாள். அது அவள் தன் தாலிக்காக வைப்பது. அவளுடைய தாய் வீட்டு வழக்கம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மறுநாட் காலை அது என் நினைவில் வரவில்லை. என் கை தேடியது உள்துணியைத்தான்.

திருவெம்பாவைக் காலம். நான் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு வந்து நின்றேன். மலர் குளிக்கப் போயிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பலகையில் இரண்டு ஜக்கெட்டுகளும் மடித்தபடி. வலப்பக்கம் என்னுடையது, இடப்பக்கம் அவருடையது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘இந்தக் குளிரில் தினமும் கோயிலுக்குப் போகிறவன் நான். சாமிக்காகத்தானே போகிறேன்…’ என்று நினைத்தேன். பாருங்கள், என் ஆசைக்கு நான் சாமியையே சாட்டினேன்.

இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். முருகன் படத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மலர் வந்து கற்பூரம் காட்டினாள். பிறகு, வைத்த ஞாபகப்படி, வலப்பக்கத்தில் இருந்ததை எனக்கும் இடப்பக்கத்தில் இருந்ததை அண்ணைக்கும் இரண்டு கைகளாலும் எடுத்துத் தந்தாள். நவம் அண்ணை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். கையை உள்ளே விட்டார். ஒரு கணம் நின்றார். பிறகு கொலரைத் திருப்பி உள்ளே பார்த்தார்… கொஞ்ச நேரம் பார்த்தார்.

நான் விளக்குத் திரியைத் தூண்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

“தங்கச்சியின்ரை கை நல்ல கை,” என்று மட்டும் சொல்லிவிட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் குரோய்டனுக்குப் போனார். விசாக் கந்தோர் வாசலில் லைன் நீளம். அன்று காற்றும் பலம். திரும்பி வந்தபோது உதடு சாம்பல் நிறம். மறுநாள் காலை நெஞ்சு இழுக்கத் தொடங்கி, அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்கள் முகத்தில் குழாயோடு கிடந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன், அவருடைய ஜக்கெட்டை உள்துணி தெரியாமல் மடித்து என் மடியில் வைத்துக்கொண்டு.

“வேலைக்குப் போகேல்லையே தம்பி?” என்று இளைத்து இளைத்துக் கேட்டார். என்னைப் பற்றித்தான் கவலை அவருக்கு.

ஏன் அப்போதாவது திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுத்தால், மாற்றியது நான்தான் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மலருக்குத் தெரியும். முதல் முறை கழுவப் போட்டபோது என் கொலரைத் திருப்பி, பொட்டு இல்லாததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று முதல் என் புது உடுப்புகளைச் சாமிக்கு முன்னால் வைப்பதை நிறுத்திவிட்டாள். பொட்டு வைத்து நேரே என் கையில் தருகிறாள்.

நவம் அண்ணை பிழைத்தார். விசாவும் கிடைத்தது. அப்டன் பார்க்கில் ஒரு கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஓர் அறை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சந்திப்போம். ஒவ்வொரு குளிருக்கும் அதே ஜக்கெட். முழங்கை வெளுத்து, சிப் ஒருமுறை மாற்றித் தைத்து… எத்தனை முறை வேறு எடுப்போம் என்றாலும் கேட்கமாட்டார்.

போன குளிருக்கு நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவர் காட்டித் தந்தபடியே ஊதிப் பார்த்து, கை தூக்கிப் பார்த்து, உரசிக் கேட்டு, உள்ளே தடித்த பிளீஸ் வைத்த ஒரு சாஃப்ட்ஷெல் எடுத்தேன். அதைக் கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நேர்ந்துகொண்டு போனேன்.

“போட்டுப் பாருங்கோ அண்ணை. நல்ல சூடு.”

வாயில் வைத்து ஊதினார். “நல்ல சாமான். நீ போடு.”

“உங்களுக்குத்தான் எடுத்தனான்.”

“எனக்குத்தான் ஒண்டு கிடக்கே.”

“அது தேஞ்சு போச்சு அண்ணை. அதுக்குள்ளாலை காத்துப் போகும்.”

“முதல் நாளே போனது,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இரு தம்பி. உனக்கு ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது. நான் உன்ரை சாமான் ஒண்டைக் களவெடுத்தனான்.”

எனக்கு விளங்கவில்லை. கொளுவியில் தொங்கிய பழைய ஜக்கெட்டை எடுத்து வந்து கொலரைத் திருப்பிக் காட்டினார். லேபிளில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. மஞ்சளும் போய்விட்டது. குங்குமம் மட்டும் மங்கிய சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது தங்கச்சி உனக்கு வைச்ச பொட்டு. ரெண்டும் எப்பிடியோ மாறுப்பட்டு உன்ரை ஜக்கெட் என்ரை கைக்கு வந்திட்டுது. அண்டைக்கே கண்டனான்.”

“ஏன் சொல்லேல்லை அண்ணை?”

“என்ரை மனுசியும் உப்பிடித்தான் வைப்பா. அவ போனாப் பிறகு என்ரை உடுப்பிலை ஒருத்தரும் பொட்டு வைக்கேல்லை. சொன்னால் மாத்திப்போடுவியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்.” கொஞ்ச நேரம் லேபிளைத் தடவினார். “ஆனால் அது தங்கச்சி தன்ரை தாலிக்கு வைச்சது. அதை நான் வைச்சிருக்கலாமே? அந்தப் பாவத்துக்குத்தான் சாமி எனக்கு அந்த வருத்தத்தைத் தந்தது எண்டு நினைக்கிறனான். என்னை மன்னிச்சுக்கொள் தம்பி.”

அது நான் பேசவேண்டிய நேரம். கடவுளே கொண்டுவந்து வாசலில் விட்ட நேரம். ‘மாறுப்படேல்லை அண்ணை, நான்தான் மாத்தினனான்’, இவ்வளவுதானே சொல்லவேண்டும்? வாயைத் திறந்தேன்.

“அதுக்கென்ன அண்ணை… நான் ஒண்டும் நினைக்கேல்லை,” என்றேன்.

அவருடைய முகம் தெளிந்த விதத்தை நான் எப்படி எழுதுவேன்! என் தோளைத் தட்டிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார். கேத்தில் ஆவியில் அந்த அறையின் சின்ன யன்னல் மங்கியது. பழைய தேவாரத்தை முணுமுணுத்தபடி அதில் விரலால் ஓம் என்று எழுதினார்.

உண்மையைச் சொன்னால், சாமி தன்னைத் தண்டித்தது என்ற நினைப்பு அவரை விட்டுப் போகும். ஆனால் மனைவி போன பிறகு தன்னைத் தேடி வந்த பொட்டு என்று அவர் வைத்திருப்பது என் களவின் அடையாளமாகிவிடும். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நம்பவேண்டாம். பயந்துதான் சொல்லவில்லை. சில வேளை அவருக்கு எல்லாம் தெரிந்துதான், நான் சொல்வதற்கு ஒரு வழி திறந்துவிட்டாரோ… அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

புது ஜக்கெட் எங்கள் வீட்டு வாசல் கொளுவியில் தொங்குகிறது. ஒருவரும் போடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் கோயில் வாசலில், தேய்ந்த நீல ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இருமியபடி நிற்கிறார். என்னைக் கண்டதும், பாரம் இறங்கிய மனிதர் போலச் சிரிக்கிறார்.

இதை வாசித்த நீங்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். ஆனால் எனக்கு இரங்கி எதையும் கூட்டவேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக ஓர் இடத்தை விட்டுவிடாதீர்கள். களவு கொடுத்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன்.