யாரையும் அழைக்காத விருந்து

திஹோமிர் மூன்று நாளாகச் சமைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயது வரை முட்டை பொரிப்பதைத் தாண்டாத மனிதர் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் அக்ரூட்டும் வைத்துச் சர்மா சுருட்டினார் என்றால் விஷயம் சாதாரணமில்லை. புனித நிக்கோலாஸ் திருநாள் அன்று. அது அவர் வீட்டு ஸ்லாவா. எங்கள் செர்பியாவில் குடும்பத்துக்கு ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாளில் வீடு திறந்திருக்கும். டிசம்பர் விரத காலம் என்பதால் இறைச்சியோ பாலோ கிடையாது. மீன், பீன்ஸ், எண்ணெயில் வதக்கிய வெங்காயம், இவ்வளவுதான். இதிலேயே பாதி ஊர் வயிறு வெடிக்கத் தின்னும்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. போன வருடம் வந்தவர் இந்த வருடமும் வருவார், அவ்வளவுதான். கூப்பிட்டுச் சோறு போடுவது கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும்.

முப்பத்தொரு வருடம் க்ருஷேவாட்ஸ் நகரத்துக்குப் பேருந்து ஓட்டியவர் திஹோமிர். அதிகம் பேசமாட்டார். பேசும் வேலையை எல்லாம் மனைவி தெசாங்காவுக்கென்று மிச்சம் வைத்துவிட்டார் என்று ஊரில் கேலி உண்டு. தெசாங்காதான் வீட்டின் வாய், அவள்தான் கை. பிள்ளைகள் இல்லை. ஆனால் ஸ்லாவா நாளில் இருபது பேருக்குக் குறையாமல் அந்த மேசையில் உட்காருவார்கள். முதலில் வருபவர் தொப்ரிவோயெ. திஹோமிரின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், அதாவது கூம். எங்கள் பக்கம் கூம் என்றால் உடன்பிறந்தவனைவிட ஒரு படி மேல், இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். ஸ்லாவா ரொட்டியை வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மும்முறை சுழற்றி, சேர்ந்து உடைக்க வேண்டும். அந்த வீட்டில் ரொட்டியின் மறுபக்கத்தை இருபத்தொன்பது வருடமாகப் பிடித்தவர் தொப்ரிவோயெ.

இரண்டு வருடத்துக்கு முன் அக்டோபரில் தெசாங்கா போய்விட்டாள். வீட்டில் சாவு விழுந்தாலும் எங்களவர்கள் ஸ்லாவாவை விடமாட்டார்கள். பாட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது, ஆனால் மெழுகுவத்தி எரியும், கோதுமைப் பொங்கல் இருக்கும், கதவு திறந்திருக்கும். திஹோமிர் என்ன செய்தார் தெரியுமா? வாசல் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போர்வைக்குள் படுத்துக்கொண்டார். இந்த மனிதரை என்ன சொல்ல! அழுகிற முகத்தை இருபது பேருக்குக் காட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பார். தொப்ரிவோயெ ஒயின் பாட்டிலோடு பனியில் நின்று கூப்பிட்டார். திஹோமிர் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. அடுத்த வருடம் கேட்டைத் திறந்துதான் வைத்தார். ஆனால் அன்று காலையிலேயே வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். யாராவது வந்தார்களா என்பது அவருக்கே தெரியாது.

இந்த வருடம் காலையிலேயே எல்லாம் தயார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லியூபிங்கா எட்டிப்பார்த்தாள். அவள் வீட்டிலும் அன்றுதான் ஸ்லாவா.

"என்னண்ணே, மீன் கருகுற வாசனை எங்க வீட்டுப் புனிதருக்கே மூக்கைத் துளைக்குது!"

"கருகல. சிவந்திருக்கு."

"அந்தச் சர்மாவைக் கொஞ்சம் காட்டுங்க... அட கடவுளே! இலைத் தண்டைச் சீவாமச் சுருட்டினா விரியாம என்ன செய்யும்? அண்ணி பார்த்தா எழுந்து வந்து அடிப்பாங்க."

"வந்து அடிச்சாச் சந்தோஷம்தான்," என்றார் திஹோமிர்.

லியூபிங்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் தணிந்த குரலில், "ரொட்டியைக் கோயிலுக்காவது கொண்டு போயிருங்கண்ணே. காலைல சாமியாரே எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்கிறாரு. எதுக்கும் இருக்கட்டும்," என்றாள்.

"எதுக்கு? கூம் வருவாரு."

"வரலேன்னா?"

"இருபத்தொன்பது வருஷமா வந்தவரும்மா."

அவள் வேலியை விட்டுத் திரும்பினாள். அவள் வீட்டில் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் அன்று உட்காரக் கூடாது. வருபவர்களுக்கு நின்றுதான் பரிமாற வேண்டும். திஹோமிர் காலை பத்து மணியிலிருந்து வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். தெருவில் கார் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவார். கார் லியூபிங்கா வீட்டில் நிற்கும், இல்லையென்றால் நிற்காமல் போகும். ஒரு மணிக்கு மீன் சூப்பைச் சூடு பண்ணினார். இரண்டரைக்கு மறுபடி சூடு பண்ணினார். நாலு மணிக்கு அது சூப்பாகவே இல்லை. மேசையில் பன்னிரண்டு தட்டுகள். அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கம்.

வெளியே மங்கத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் ரொட்டியை உடைத்தாக வேண்டும். அப்போது திஹோமிர் எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். போனை எடுத்துக் கூப்பிட்டார்.

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள்.

"யாரு? கூமா? நீயா கூப்பிடுற?" தொப்ரிவோயெயின் குரலில் திகைப்பு. "உடம்புக்கு ஏதாவது ஆயிருச்சா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரொட்டி இன்னும் உடைக்கல கூமே."

அக்கார்டியன் சத்தம் குறைந்தது. எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பார்.

"நீ கொண்டாடுறியா?"

"கேட் திறந்துதான் இருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? முந்தின வருஷம் கேட்டைப் பூட்டின. போன வருஷம் வந்தேன், வீட்ல ஈ காக்கா இல்ல. இடுப்பு ஒடிஞ்ச பின்னாடி நீ ஸ்லாவாவையே விட்டுட்டன்னு நெனச்சோம். நான் இப்போ ஸ்லாவோல்யுப் வீட்ல இருக்கேன், அவருக்கும் இதே புனிதர்தான்."

"சாப்பிட்டுட்டு வாயேன். அரை மணி நேரம் போதும்."

"எப்படிடா வருவேன்? நீ பூட்டின அன்னைக்கு உன் வாசல்லேர்ந்து நேரா இங்கதான் வந்தேன். கையில பாட்டிலு, போறதுக்கு வீடு இல்ல. அந்த மனுஷன் உள்ள கூட்டிட்டுப் போயி உட்கார வச்சாரு. இவருக்கும் மகன் இல்ல, இப்போ இவரு ரொட்டியை நான்தான் பிடிக்கிறேன். ஒரே நாள்ல ரெண்டு வீட்டு ரொட்டியைப் பிடிக்கலாமா? நடுவுல எழுந்து போனா அவருக்கு எவ்வளவு அவமானம், நீயே சொல்லு."

தொப்ரிவோயெ சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

"நாளைக்கு வர்றேன் கூமே. கண்டிப்பா வர்றேன்."

"ரொட்டி இன்னைக்குத்தானே."

"ஆமா," என்றார் தொப்ரிவோயெ. பிறகு, "அன்னைக்கு ஜன்னல் திரை அசைஞ்சுதுடா. நான் பார்த்தேன்," என்றார்.

"நான்தான்," என்றார் திஹோமிர்.

போனை வைத்த பிறகு மேசைக்குப் போனார். மெழுகுவத்தி விரல் நீளத்துக்கு இருந்தது. ரொட்டியில் சிலுவையாகக் கீறி ஒயின் ஊற்றினார். இரண்டு பக்கத்தையும் தானே பிடித்து, ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை சுழற்றினார். பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல அது வெகு சுலபமாகத் திரும்பியது. எதிர்ப்பக்கம் இழுக்க ஒருவர் இருந்தால்தான் ரொட்டிக்குக் கனம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கிறிஸ்து நம்மிடையே இருக்கிறார்," என்றார் சத்தமாக.

இருக்கிறார், இருப்பார் என்று விருந்தாளி பதில் சொல்ல வேண்டும். பதிலைத் தானே சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. திஹோமிர் இரண்டு முறை வாயைத் திறந்தார். வரவில்லை. ரொட்டியை உடைக்காமலேயே துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

மறுநாள் தொப்ரிவோயெ வந்தார். இருவரும் ஆறிப்போன மீனைச் சாப்பிட்டார்கள், பனியைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த டிசம்பரில் திஹோமிர் அடுப்பு மூட்டவில்லை. ஏன் என்று யாரும் வந்து கேட்கவில்லை. ஸ்லாவாவுக்கு அழைப்பதும் எங்கள் வழக்கமில்லை, விட்டவரிடம் ஏன் விட்டாய் என்று கேட்பதும் எங்கள் வழக்கமில்லை.