இன்சீனில் ஒரு பிரிவினை மனு

பர்மாவில், ரங்கூனை அடுத்த இன்சீனில் எங்கள் ஆலயம் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவானது. மாலை ஆராதனையில் போதகர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதையே தெலுங்கில் சொல்வார். 1988-இல் ஊரடங்கு வந்தபோது, மக்கள் நேரத்தோடு வீடு சேர வேண்டுமே என்று தெலுங்கை ‘இப்போதைக்கு’ நிறுத்தினோம். பின்னர் ஊரடங்கு நீங்கியது; தெலுங்கு திரும்பவில்லை. வேண்டாமென்று எவரும் தீர்மானித்ததாக நினைவில்லை. ஆராதனை சீக்கிரம் முடிவது தமிழர்களாகிய எங்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நான் சபையின் செயலாளராக இருந்தேன். பட்டம் பெற்றவள், பர்மிய மொழியில் பிழையின்றி மனு எழுதக்கூடியவள் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கேட்கப்படவில்லை. 2009-இன் இறுதியில், டிஷ் ஆன்டெனா வைத்திருந்த வீடுகளின் வழியாக ஹைதராபாத் போராட்டச் செய்திகள் எங்களிடமும் வந்து சேர்ந்தன. தெலங்கானாவைத் தனி மாநிலமாக்கக் கேட்டார்கள். அந்த வாரம்தான், ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்த்த தெலுங்குக்காரர் ஒருவர் எங்கள் கமிட்டியின் முன் வந்து, தெலுங்குக் குடும்பங்களுக்குத் தனி ஆராதனை வேண்டும் என்றார்.

பொருளாளர் சிரித்தார். “டிவி பார்த்துட்டு நேரா வந்துட்டீங்களா அண்ணே? உங்க சொந்தக்காரங்க விசாகப்பட்டினத்துல பிரிக்காதேன்னு ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க. நீங்க இங்க பிரிச்சுக் குடுன்னு கேக்கறீங்க. முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க.”

“அது அவங்க வீட்டுச் சண்டை,” என்றார் பிட்டர். “நான் சொல்றது அதுக்கு முந்தினது. எங்க அப்பா காலத்துல ஆந்திரா தனியாப் போச்சே, உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? மெட்ராஸை நீங்கதானே வெச்சுக்கிட்டீங்க. இந்தக் கட்டடமும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் போதும்.”

மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கமிட்டி அன்றே சம்மதித்தது.

ஆனால், கூடுதல் ஆராதனை நடத்த அரசின் டவுன்ஷிப் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வருகிற குடும்பங்களின் பட்டியலை மனுவோடு இணைக்க வேண்டும். அதைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரின் இனத்தையும் முன்பு ஒரு வார்டு குமாஸ்தா ‘தமிழ்’ என்றே பதிந்திருந்தார். பிட்டரின் குடும்பமும் அதில் அடக்கம். அவருடைய மகளின் அடையாள அட்டைக்கான விண்ணப்பம் இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. அவள் லைங் தாயாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தாள். அட்டை இருந்தால் மேற்பார்வையாளராக்குகிறோம், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“தெலுங்குக் குடும்பங்கள் என்று எழுதினால் உங்கள் பெயர்தான் முதலில் வரும். மகளின் விண்ணப்பத்தில் தமிழ் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே அலுவலகத்துக்குத்தான் போகும். யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் பொய்த் தகவல் என்று சொல்லி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்,” என்றேன்.

“தமிழ்னு எழுதினது நானா சயாமா?” என்றார், டீச்சரம்மா என்பதற்கான பர்மியச் சொல்லால் என்னை அழைத்து.

“நீங்கள் எழுதவில்லை. ஆனால் விளக்கம் உங்களிடம்தான் கேட்பார்கள்.”

மகள் உள்ளிருந்தபடியே பர்மிய மொழியில் சொன்னாள்: “அப்பா விருப்பப்படி எழுதட்டும். நான் காத்திருக்கிறேன்.”

“இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பே?” என்று அவரும் பர்மிய மொழியிலேயே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “வேற எப்படி எழுதலாம்?”

“கூட்டம் அதிகமாக இருப்பதால் இரண்டாவது ஆராதனை வேண்டும் என்று எழுதலாம். பட்டியலிலும் எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துவிடலாம். மொழியைக் குறிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பிறகு வாசல் பலகையிலும் அதை எழுத முடியாது.”

“மாநிலம் உண்டு, பேரு கிடையாது,” என்றார். “சரி, அப்படியே எழுதுங்க.”

எங்கள் ஆலயத்தில் பாதி பெஞ்சுகள் காலியாகத்தான் கிடந்தன. அங்கே கூட்டம் தாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையை எழுதியிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது என்று இப்போதும் சில நாட்களில் தோன்றும். எதிர்ப்பட்ட எல்லா அலுவலகத்துக்கும் அஞ்சிப் பழகியவள் நான். என் எச்சரிக்கையில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை. பணயம் வைக்க வேண்டியிருந்தது என் மகளின் அட்டையை அல்ல என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அனுமதி கிடைத்தது. முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் தெலுங்கு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூவர். பிட்டர் வேதபாகத்தை விரல் வைத்து மெதுவாக வாசித்தார். மகள் கடைசி பெஞ்சில் அமர்ந்து, எழ வேண்டிய இடங்களில் மற்றவர்களைப் பார்த்து எழுந்தாள்.

மழைக்காலத்துக்கு முன்பே அட்டை வந்துவிட்டது. இனம் என்ற இடத்தில் தமிழ் என்று இருந்தது. அவள் மேற்பார்வையாளரானாள்; ஞாயிற்றுக்கிழமைகளிலும் தொழிற்சாலைப் பேருந்தில் போக வேண்டியதாயிற்று. அவள் இல்லாமல் அந்த ஆராதனை நடந்தது. பலகையில் ‘இரண்டாம் ஆராதனை’ என்று மட்டுமே இருந்ததால், பிட்டர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் நின்று, வருகிறவர்களிடம் அது எந்த மொழியில் நடக்கும் என்று சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.