இரண்டு கல்லூரிக்காரன்

லண்டனில் யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் முதன்முதலாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே 'எந்தப் பள்ளிக்கூடம்?' என்றுதான் கேட்பார்கள். நான் எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்வேன். "அது எங்க இருக்கு?" என்பார்கள். இருந்தது. சண்டையில் இடிந்தது, காணியை ஆமிக்காரர் எடுத்தார்கள், பிறகு ஒருவரும் திரும்பக் கட்டவில்லை. பெயரில்தான் கல்லூரி. எங்கள் காலத்திலேயே மூன்று கட்டடம்தான், பதினோராம் வகுப்புக்கு மேலே உயர்தர வகுப்பும் கிடையாது. ஆனால் காற்பந்தில் எங்களுக்கு ஒரு திமிர் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னர், வேட்டியை மடித்துக்கட்டி வெறுங்காலோடு ஆடிய எங்கள் முதல் அணி, ஒரு பருவம் முழுக்க ஒருவரிடமும் தோற்கவில்லையாம். பட்டணத்துப் பெரிய கல்லூரியும் அதில் அடிவாங்கியதாம். அந்தப் பொடியன்கள் வரிசையாக நிற்கும் படம் அதிபரின் அறையில் தொங்கியது.

இங்கே கோடையில் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி வைக்கின்றன. பக்கத்துக்கு ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில், இல்ஃபோர்ட் பக்கம் ஒரு பூங்காவில். ஒரு வருஷம் அணி இறக்காத பள்ளியின் இடம், காத்திருக்கும் இன்னொரு பள்ளிக்குப் போய்விடும். லண்டன் முழுக்கச் சலித்தெடுத்தாலும் எங்களிடம் ஓடக்கூடியவர்கள் எட்டுப் பேர்தான். நான் கோலி, கோல் காக்கிறவன். எங்கள் கல்லூரியின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் இடம் உலகத்திலேயே அந்தப் பூங்கா ஒன்றுதான். அதுவும் நின்றுபோனால் பள்ளிக்கூடம் இரண்டாவது முறை சாகும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எங்கள் கப்டன் முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒன்றாகப் படித்தவன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் உயர்தரத்துக்குப் பட்டணத்துப் பெரிய கல்லூரிக்குப் போனான். அதில் பிழையில்லை, கெட்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஆனால் வெம்பிளியில் கலியாண வீடுகளில் யாராவது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால், அங்கே படித்த இரண்டு வருஷத்தை மட்டும் சொல்வான். பதினொரு வருஷத்தை விழுங்கிவிடுவான். "நீ ரெண்டு வீட்டு மாப்பிள்ளையடா" என்று பகிடி பண்ணுவேன்.

"சனத்துக்குத் தெரிஞ்ச பேரைத்தானே சொல்ல ஏலும்" என்பான். நானும் ஒரு விசரன், சிரித்துவிட்டுப் போவேன்.

அந்த வருஷம் எங்களுக்கு என்ன வந்ததோ, வென்றுகொண்டே இருந்தோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்தவன் அவன்தான். இறங்குவதற்கு முன்னர் எங்களைச் சுற்றிவர நிற்கவைத்து, "வெறுங்காலோட அடிச்சவங்களடா. எங்களுக்குச் சப்பாத்தும் இருக்கு" என்பான். எனக்கு உடம்பு புல்லரிக்கும். அரையிறுதிக்கு வந்தோம். எதிரே பட்டணத்துப் பெரிய கல்லூரி.

வெள்ளிக்கிழமை போன் எடுத்தான். "மச்சான், முழங்கால் சரியில்லை. நான் வாறது கஷ்டம்."

ஏற்கனவே ஒருவருக்கு வைத்தியசாலையில் ஷிப்ட். அவனும் இல்லையென்றால் ஆறு பேர். "ஓடாட்டிப் பரவாயில்லை, வந்து சும்மா நில்லடா" என்று கெஞ்சினேன்.

"பாப்பம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் பின்வரிசைக்காரர் என் தோளைத் தட்டினார். "தம்பி, அங்கால பார்." பெரிய கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான் எங்கள் கப்டன்.

கிட்டப் போனேன். "முழங்கால் என்ன மாதிரி?"

"கோவிக்காதை மச்சான். அவங்கள் கேட்டவங்கள். நானும் அங்க படிச்சனான்தானே."

"எங்களோடயே பைனலுக்குப் போகலாமேடா."

"போய்?" என்றான், நிமிராமல். "இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு காலத்துக்கு விளையாடுறது?"

ஒழுங்கமைப்பாளர்களிடம் போய்க் கத்தினேன். படித்த எந்தப் பள்ளிக்கும் ஒருவர் விளையாடலாம் என்பதுதான் விதி என்றார்கள். பருவத்தின் நடுவில் மாறக்கூடாது என்று விதியில் இல்லை. எப்படி இருக்கும்? அப்படியும் ஒருவன் செய்வான் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆறு பேரோடு ஆடித் தோற்றோம். அடித்த கோலெல்லாம் அவனுடையது. நான் எந்தப் பக்கம் பாய்வேன் என்று அவனுக்குத் தெரியாதா?

இனி மிஞ்சியது ஏழு பேர். அதில் பின்வரிசைக்காரருக்கு இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள். ஆறு பேரை வைத்து அணி பதிய விடமாட்டார்கள், அடுத்த கோடையில் எங்களுக்கு அணி இல்லை. ஆகவே அப்டன் பார்க்கில் ஒரு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு நடந்த பரிசளிப்புத்தான், எங்கள் கல்லூரியின் பெயரைக் காதால் கேட்கக் கடைசிச் சந்தர்ப்பம். அதற்காகத்தான் போனேன். சிறந்த ஆட்டக்காரன் என்று அவனைக் கூப்பிட்டார்கள், பெரிய கல்லூரியின் பெயரோடு. எங்களுக்காக அவன் அடித்த கோல்களும் அந்தப் பெயரிலேயே போயின. சரி, மைக் அவனுடைய கையில்தானே, அவன் சொல்லுவான் என்று இருந்தேன். எவ்வளவு கேவலம் பட்டாலும் மனசுக்கு ஆசை விடாது.

"நான் பந்தடிக்கப் பழகினது கல்லூரி மைதானத்திலதான்" என்று தொடங்கினான். "ஒரு சிநேகிதன், மழையெண்டாலும் வெயிலெண்டாலும், பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு கோலுக்குள்ள நிண்டு எனக்குப் பழக்கினவன். அவன் இல்லாட்டி நான் இல்லை. அவனும் இண்டைக்கு இஞ்சதான் இருக்கிறான்."

அந்தச் சிநேகிதன் நான். அந்த மைதானம் எங்களுடையது. எந்தக் கல்லூரி என்று மட்டும் அவன் சொல்லவில்லை. ஆனால் என்னை நேராகப் பார்த்தான். சபை கைதட்டத் தொடங்கியது. நான் வெட்கம்கெட்டுக் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டேன்.

அதற்குள் முன்வரிசையில் பெரிய கல்லூரியின் கோலி எழும்பி, நெஞ்சில் கைவைத்து, நாலா பக்கமும் கும்பிட்டார். கைதட்டல் இன்னும் கூடியது. மேடையில் நின்றவன் மைக்கை வாய்க்குக் கிட்ட உயர்த்தினான், பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி, அவனும் அவருக்குக் கைதட்டினான்.