கெல்லிங் கறி

சட்டியில் கறித்தூள் விழுந்ததும் மேல்வீட்டுக் குசினி யன்னல் 'டப்' என்று மூடும். டென்மார்க்கின் வைலே நகரில் இந்தத் தொடர்மாடிக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து இதே கதைதான். மரக்கறி சமைத்தால் மூடாது. கோழி என்றால் மூடும். மேலே இருப்பவள் கீர்ஸ்டன், தனியாக வாழும் ஓய்வுபெற்ற டெனிஷ்காரி. படியில் கண்டால் "ஹை" என்பாள், அவ்வளவுதான். அந்த "ஹை"யை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இன்றைக்கு யன்னலை மூடுகிறவள் நாளைக்கு வீட்டுச் சங்கத்தில் முறைப்பாடு கொடுப்பாள். முன்பு இருந்த வீட்டை விட்டதே, மணம் மணம் என்று அக்கம்பக்கத்தார் தந்த அரியண்டம் தாங்காமல்தான். இன்னொரு முறை பெட்டி கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஆகவே மணமில்லாமல் கோழி சமைக்கப் படாத பாடு பட்டேன். துண்டுகளைத் தயிரிலும் மஞ்சளிலும் பிரட்டி, றைஸ்குக்கரில் போட்டு, பல்கனியில் வைத்தேன். மார்கழிக் குளிரில் கோட்டும் தொப்பியுமாகக் குக்கருக்குக் காவல் நின்ற யாழ்ப்பாணத்தி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னொரு நாள் உப்பும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் தடவி, அலுமினியத்தாளில் இறுக்கிச் சுற்றி ஓவனுக்குள் தள்ளினேன். நல்லாய்த்தான் வந்தது. ஆனாலும் தாளிக்காத கோழி என்ன கோழி!

ஊரில் இப்படியா என்று கேட்பீர்கள். ஊரிலும் இப்படித்தான். சண்டைக் காலத்தில் நாங்கள் யன்னலை மூடித்தான் கோழி காய்ச்சினோம். மணம் வேலி தாண்டினால், "வெளிநாட்டுக் காசு வந்திட்டுது போல" என்று யாராவது ஒருத்தி வாசலில் வந்து நிற்பாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்தேன், இங்கே மேல்வீட்டுக்காரிக்குப் பயப்படுகிறேன்.

ஒரு சனிக்கிழமை கோழியோடு படியேறும்போது கீர்ஸ்டன் வழிமறித்தாள். பையைக் காட்டி, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாள். சரி, விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். பதற்றத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பெரிதாய்ச் சிரித்து, "கெல்லிங்!" என்றேன். அவளுக்கு முகம் சிவந்தது. விறுவிறென்று மேலே போய்விட்டாள்.

வீட்டில் மகள் அபியிடம் சொன்னேன். இங்கே பிறந்தவள், கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும். அன்று வந்தது.

"ஐயோ அம்மா! கோழி எண்டால் 'கியூலிங்'. கெல்லிங் எண்டால் பொம்பிளையளை மூதேசி எண்டு ஏசுற மாதிரி. அதையும்விடக் கூடாத சொல்லு."

"நான் கோழியைத்தானடி சொன்னனான்!"

"அவவுக்கு அது தெரியுமே?"

கடவுளே! சும்மா இருந்தவளுக்கு முறைப்பாட்டை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் ஒளித்து என்ன பயன்? யன்னலை அகலத் திறந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தேன். தூளைப் போட்டதும் மேலே 'டப்'. கறி இறங்கியதும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்தவளிடம் மன்னிப்புக் கேட்டு, "கியூ... கியூலிங்" என்று கிண்ணத்தை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து, கோழி வெந்துவிட்டதா என்று துண்டில் குத்திப் பார்த்தாள். அட, இவள் என்னைவிடச் சந்தேகக்காரி! முதன்முதலாக எனக்கு அவளைப் பிடித்தது. நின்றபடியே ஒரு துண்டு தின்றாள். உறைப்பில் கண் கலங்கியது. நான் யன்னல் விஷயத்தைக் கேட்டேவிட்டேன்.

"இந்த மணம் வந்தால் வாயூறும், பிறகு என்னுடைய கறுத்த பாண் தொண்டையால் இறங்காது. அதுதான் மூடுகிறேன்" என்றாள்.

உண்மையோ, மரியாதைக்குச் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அடுத்த சனிக்கிழமை தூளைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேலே சத்தமில்லை. வாசல் மணிதான் அடித்தது. கழுவிய கிண்ணத்தை ஏந்தியபடி, முகத்தில் சிரிப்பென்பதே இல்லாமல் கீர்ஸ்டன் நின்றாள்.

"கெல்லிங் வந்திருக்கிறாள். கியூலிங் வெந்துவிட்டதா?"

அபி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அரை மனதோடு. இப்போதெல்லாம் யன்னலைத் திறந்துவைத்துத்தான் தாளிக்கிறேன். ஒரு கை சட்டியில் துழாவும். மற்றக் கை யன்னல் கொக்கியை விடாது.