பேருக்கு ஒரு வீடு

வீடு வாங்கி விற்பவர்களுக்குப் பத்திர வேலை செய்து கொடுக்கிறவனுக்கு, வீட்டைப் பற்றித் தெரிவதைவிட அதில் இருக்கும் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துவிடும். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ஒரு மசாலாக் கடைக்கு மேலே எனக்குச் சின்ன அலுவலகம். கீழே கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தால் மேலே நாங்கள் தும்முவோம். அழ வந்தவர்களுக்கு அது ஒரு வசதி, பழியை மிளகாயில் போட்டுவிடலாம். உங்களில் யாராவது நம் சனத்துக்கு வரிக்கணக்கோ வங்கிக் கடனோ பார்த்துக் கொடுப்பவராக இருந்தால், இதை வாசிக்கும்போது தலையில் கை வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்தபடிதான் எழுதுகிறேன்.

கூரை இல்லாத வீடு

2011இல் மதிவதனி வந்தார். வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி வேலை. விவாகரத்தாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் மகளோடு வாடகை அடுக்குமாடி யூனிட்டில் இருந்தார். பக்கத்துத் தெருவில் இரண்டு அறை யூனிட் ஒன்று விலைக்கு வந்திருந்தது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அப்போது முத்திரை வரி இல்லை, அரசாங்கம் கையிலும் கொஞ்சம் கொடுக்கும். அந்தச் சலுகை கிடைத்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். அவருடைய அப்பாவின் படம் அலுமாரிக்குள் கிடக்கிறதாம். வாடகை வீட்டில் ஏஜென்ட்டைக் கேட்காமல் ஆணி அடிக்க முடியாது. கேட்டாலோ மறுமொழி வராது.

இதற்கு முன் சொந்த வீடு ஏதும் இருந்ததா என்று கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. “மானிப்பாயில சீதன வீடு ஒண்டு என்ர பேரில இருக்கு அண்ணை. சண்டையில ஷெல் விழுந்து கூரை இல்லை. அதையும் சொல்ல வேணுமோ?” என்றார். வெளிநாட்டு வீடு கணக்கில் வராது என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் வழக்கம்போலக் காணிப் பதிவில் அவர் பேரைத் தேடினேன். ஸ்ட்ராத்ஃபீல்டில், கணவரோடு குடியிருந்த வீட்டில் பாதி அவர் பேரில் இருந்தது. அப்படி ஒரு வீட்டில் பேர் ஏறி, அதில் குடியும் இருந்துவிட்டால், பிறகு விவாகரத்தானாலும் சலுகை கிடையாது. போனில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நான்தான் ஏதோ விளங்காமல் பேசுகிறேன் என்று நினைத்து, பொறுமையாக விளக்கினார்.

“அது அவரின்ர வீடு அண்ணை. பாங்க் ரெண்டு சம்பளம் கேட்டதெண்டு சும்மா பேருக்குத்தான் என்ர பேரைப் போட்டவர்.”

பேசித் தீர்த்தது

பேர் இருந்தால் பாதி வீடும் இருக்கிறதே என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவரை நேரில் வரச் சொன்னேன். பிரியும்போது அவருடைய பெரியப்பாவும் கணவரின் மாமாவும் குசினி மேசையைச் சுற்றி இருந்து தேத்தண்ணி குடித்துப் பேசித் தீர்த்தார்களாம். வீடு கணவருக்கு, பிள்ளை இவருக்கு. கோர்ட்டில் விவாகரத்து மட்டும்தான் நடந்தது. வீட்டைப் பற்றி யாரும் அங்கே வாய் திறக்கவில்லை.

விவாகரத்தாகி ஒரு வருடத்துக்குள் பங்கு கேட்கலாம், இன்னும் காலம் இருக்கிறது, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வீட்டில் பங்கு கேட்டால் கணவர் பிள்ளையைக் கேட்பார் என்ற பயம் மதிவதனிக்கு. அது வேறு வழக்கு, இது வேறு வழக்கு என்றேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அந்த யூனிட்டை ஓர் இளம் தம்பதி வாங்கியது, சலுகையோடு. மதிவதனி எழும்பிப் போகும்போது சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“உங்கட சட்டத்தில அது வேற, இது வேற அண்ணை. எங்கட மேசையில ரெண்டையும் ஒண்டாத்தான் வைச்சுப் பேசினவை.”

புது மனைவி

அடுத்த வருடம் படியேறி வந்தவர் மதிவதனியின் முன்னாள் கணவர். கூடவே திருச்சியிலிருந்து வந்த புது மனைவி, கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. பழைய வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. புது வீட்டை இந்தப் பெண்ணின் பேரில் முதல் வீட்டுச் சலுகையோடு வாங்க வேண்டும், பழைய வீட்டிலிருந்து மதிவதனியின் பேரையும் எடுத்துவிட வேண்டும். கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார்.

மதிவதனி ஏற்கெனவே என்னிடம் வந்தவர், இரண்டு பக்கமும் நான் நிற்க முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். இரண்டு விஷயத்தை மட்டும் சும்மா சொல்லி அனுப்பினேன். கோர்ட் கட்டளை இல்லாமல் பேரை மாற்றினால் அந்தப் பாதிக்கு முத்திரை வரி உண்டு. கணவருக்கு வீடு இருந்திருந்தால் மனைவிக்கும் சலுகை இல்லை. “பேருக்கு இருக்கிற பேருக்கு என்ன வரி?” என்று கத்திவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண் கதவடியில் நின்று மெதுவாகக் கேட்டது.

“அவருக்கு ரெண்டாவதுன்னா எனக்கும் ரெண்டாவதா அண்ணா? எனக்கு எல்லாமே இதுதானே முதல்.”

ஆணி

2013இல் மதிவதனி மறுபடி வந்தார், காணி வரி கட்டச் சொல்லி வந்த அறிவித்தலோடு. சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரி இல்லை. வாடகைக்கு விட்டால், அதுவும் காணி விலை ஏறிய ஸ்ட்ராத்ஃபீல்டில், தப்ப முடியாது. வாடகை போவது முன்னாள் கணவருக்கு. வரி கேட்டு வந்தது இருவர் பேருக்கும். பங்கு கேட்கும் ஒரு வருடமும் எப்போதோ தாண்டியிருந்தது. கோர்ட் மனம் வைத்தால் இன்னும் கேட்கலாம் என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல். அவர் தலையாட்டிக்கொண்டு இருந்தார். வாடகை வாங்குகிறவர்தான் வரியும் கட்ட வேண்டும் என்று அந்த மனிதருக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னேன். கட்டாவிட்டால் இவரையும் பிடிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

கீழே கடையில் மிளகாய் வறுக்கவில்லை. மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சை மாற்றலாம் என்று, அப்பாவின் படத்துக்கு ஆணி அடித்தாயிற்றா என்று கேட்டேன். ஏஜென்ட் இன்னும் மறுமொழி தரவில்லையாம். பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தார்.

“அந்த வீட்டில இருந்த காலம் முழுக்க அவரைக் கேக்காமல் ஒரு ஆணி அடிக்கேல்லை அண்ணை. இப்ப நான்தான் சொந்தக்காரியாம்.”

சலுகையை மறுக்கவும் வரியைக் கேட்கவும் ஒரு பெண்ணின் பேர் போதுமாக இருக்கிறது, சுவரில் ஓர் ஆணி அடிக்கத்தான் அது போதவில்லை.