நேர்கோட்டில் வந்த தடிப்பு

பள்ளிச் சீருடை தைக்கும் எங்கள் கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பேர் நிலைக்காது. சட்டையில் எந்தப் பாகத்தைத் தைக்கிறார்களோ அதுதான் பேர். காலர், பாக்கெட், பட்டன். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் மெஷினில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் ஓவர்லாக். புதிதாக வந்தவளுக்குச் சட்டையில் கையை இணைக்கிற வேலை. முறைப்படி கைக்காரி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாளே செதில் என்று பேர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, ஆனால் அவள் காதில் விழும்படிதான் சொன்னார்கள். நான் கைக்காரி என்றே எழுதுகிறேன்.

நான் அங்கே முதலுதவி அறையில் இருப்பவள். நர்ஸ் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, முப்பது வருஷம் அந்த வேலை பார்த்து, முதுகு போனபின் இங்கே வந்தேன். ஊசி ஏறிய விரலுக்குக் கட்டு, தலைவலிக்கு மாத்திரை, கழிவறைக்குக் கிருமிநாசினி, இவ்வளவுதான் என் ராஜ்யம். எல்லோரும் நர்ஸம்மா என்கிறார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

கைக்காரி பிறந்து வளர்ந்தது மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு பக்கத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே கரப்பான் என்கிற தோல் அரிப்பு வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று மூன்று இடங்கள். தூசி பட்டால் தும்மல், பத்துப் பதினைந்து அடுக்கடுக்காக. முப்பத்துநாலு வயதுக்குள் அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். காற்றில் ஈரம் இருந்ததால் அதுவும் அடங்கியே கிடந்தது.

கணவன் லிப்ட் மெக்கானிக். ரயிலில் ஒரு முழு நாள் போகிற தூரத்துக்கு அவனை மாற்றினார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியைக் கவிழ்த்து வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் புழுதிக் காற்று. வந்த பத்தாம் நாள் அவள் கழுத்துத் தோல் வெடித்தது. அடுத்த நாள் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று, "உங்க துணியெல்லாம் கீழ்க் குழாயில துவைச்சிக்குங்க. மேல எங்க குடிக்கிற தண்ணித் தொட்டி இருக்கு" என்றாளாம்.

கைக்காரி துணிகளைக் கீழ்க் குழாய்க்கே கொண்டுபோனாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் மொண்டு குளித்தாள். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவினாள். புதுத் துணியை மூன்று முறை அலசாமல் உடுத்தமாட்டாள். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் உடம்பு அவளைப் பாடாய்ப் படுத்திக் கற்றுக்கொடுத்தது.

வேலைக்கு வந்த அன்றே சூப்பர்வைசரிடம், "ஜன்னலோர மெஷின் காலியா இருக்கே, அதைக் குடுங்க சார். பஞ்சு பறந்தா எனக்குத் தும்மல் நிக்காது" என்றாள். அவரும் கொடுத்துவிட்டார். பாக்கெட் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. பாதிப் பகை அன்றைக்கே முடிவாகிவிட்டது. மீதிப் பகை, சாப்பாட்டு நேரத்தில் கை கழுவ அவள் சட்டைக் கையை மேலே ஏற்றியபோது.

"இது என்ன, சுட்டுக்கிட்டியா?" என்றாள் காலர்.

"கரப்பான்."

"ஒட்டுமா?"

"என் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருஷமா ஒட்டல. உங்களுக்கு ஒட்டணும்னா அவரைவிட நெருங்கி வரணும்."

பட்டன் சிரித்துவிட்டாள். ஓவர்லாக் முறைத்ததும் சிரிப்பைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். மறுநாளிலிருந்து கைக்காரி உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் டம்ளரைக் குழாய்க்குப் பின்னால் ஒரு ஆணியில் தனியாகத் தொங்கவிட்டார்கள். அவளும் அதை அங்கிருந்தே எடுத்தாள், அங்கேயே மாட்டினாள்.

முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதன்பின், மாதம் ஒருமுறை சனிக்கிழமை வரும் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்கு மருத்துவ அட்டை உண்டு. அதைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கலாம். கைக்காரிக்கு வேலையைவிட அந்த அட்டைதான் வேண்டியிருந்தது. அதற்காகவே எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

மூன்றாவது மாதத்தில் அவள் தோல் கெட்டுப்போனது. நடக்கும்போது காலை அகட்டி வைத்தாள். துணியை நகர்த்தும்போது கை மேசையில் படாமல் தூக்கிக்கொண்டாள். தைக்கும் கணக்குக் குறைந்தது. சூப்பர்வைசர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நர்ஸம்மா, ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. தொத்து இருக்கலாம்னு. இருக்குன்னு வேண்டாம், இருக்கலாம்னு. மிச்சத்தைச் சனிக்கிழமை டாக்டர் பாத்துக்குவார்."

"பாக்காம எப்படி எழுதறது?"

"எல்லாரும்தான் பாத்துட்டாங்களே."

அவர் போன ஒரு மணி நேரத்தில் தையல் கூடத்தில் கூச்சல். போய்ப் பார்த்தால் ஓவர்லாக் வலது கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். விரல்கள் சிவந்து, உள்ளங்கையில் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

"ஒட்டிக்கிச்சு. அன்னைக்கே சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. என் வீட்ல கைக்குழந்தை இருக்கு. மருமக பிள்ளையைத் தொடவே விடமாட்டேங்குறா."

மெஷின்கள் நின்றுவிட்டன. சூப்பர்வைசர் கைக்காரியிடம் போய்ச் சனிக்கிழமைவரை வீட்டில் இருக்கச் சொன்னார்.

"எழுத்துல குடுங்க" என்றாள் அவள்.

"எழுத்தெல்லாம் எதுக்கும்மா? நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"நல்லதுன்னா எழுதறதுக்கு என்ன?"

எழுத மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்; எழுதாமல் அவளும் வேலைக்கு வருவதை நிறுத்தப்போவதில்லை. நான் அவளை என் அறைக்குக் கூட்டிப்போய்த் தாழ் போட்டேன்.

"காட்டு."

"எதை?"

"எல்லாத்தையும். இந்த வயசுல எனக்குப் பாக்காததுன்னு எதுவும் பாக்கி இல்ல."

அவளுடைய வழக்கமான மூன்று இடங்களும் பரவாயில்லை. வறண்டு கிடந்தன, அவ்வளவுதான். கொடுமை வேறு இடத்தில் இருந்தது. இரண்டு முன்கைகளின் அடிப்பக்கத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. தொடையின் பின்பக்கத்தில் நாலு பட்டைகள், சம இடைவெளி விட்டு, ரணமாக.

நோய் கோடு போட்டு வராது. கோடு போட்டு வந்தால் வெளியிலிருந்து வந்தது. படுக்கையில் கிடப்பவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ரப்பர் விரிப்பின் ஓரம் பட்ட இடம், பெல்ட் பட்ட இடம் எல்லாம் அச்சு மாதிரி தெரியும். நாலு பட்டை என்றதும் தையல் கூடத்து நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. எல்லாம் நாலு மரச்சட்டம் அடித்தவை. முன்கைக் கோடு மெஷின் மேசையின் விளிம்பு.

"நாற்காலியில ஏதாவது வாசனை வருமா?"

"காலையில வந்ததும் ஆஸ்பத்திரி நெடி அடிக்கும். சட்டமும் ஈரமா இருக்கும். தரை துடைச்சிருப்பாங்கன்னு துணியால ஒத்திட்டு உக்காந்துடுவேன்." முன்கைக் கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நான் இந்த ஊர்த் தண்ணின்னுல்ல நெனச்சேன். மூணு மாசமா தண்ணியத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

அலமாரியைத் திறந்தேன். கிருமிநாசினி ஒரு பாட்டில் ஒரு மாதம் வரும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி போதும், பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. ஆறு வாரமாக, திங்கட்கிழமைதோறும், கழிவறைக்கு என்று சொல்லி ஓவர்லாக் ஒரு முழு பாட்டில் வாங்கிப்போயிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால் போனேன். ஓவர்லாக் நின்று ஏவிக்கொண்டிருக்க, பட்டன் கைக்காரியின் நாற்காலியில் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பட்டன் பாட்டிலை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"மறைக்காத, புடவை வெளுத்துப்போகும்" என்றேன். "எவ்வளவு தண்ணி கலந்தீங்க?"

"தண்ணியா?" என்றாள் ஓவர்லாக். "தண்ணி கலந்தா அது சாகுமா? அப்படியே ஊத்தித் தேய்ச்சாத்தான் போகும்."

"இதுவரைக்கும் யாரு தேய்ச்சது?"

"நான்தான். வேற யாருக்கு அக்கறை?"

"எந்தக் கையால?"

அவள் வலது கையைப் பார்த்தாள். உடனே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க."

"நான் யாருக்கும் பரியல. உன் கையும் அவ தொடையும் ஒரே பாட்டில்ல வெந்திருக்கு."

"அப்ப அவ முழங்கையில இருக்கறது? அதுவும் நான் ஊத்தினதா?"

"அது அவளோடது. பிறந்ததுலேருந்து இருக்கு. யாருக்கும் ஒட்டாது. உன் பேரப்பிள்ளைக்கும் ஒட்டாது."

"அதை நீங்க சொல்றீங்க" என்றாள், நம்பாத குரலில். பட்டன் மட்டும் போய் ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து நாற்காலியையும் மேசை விளிம்பையும் கழுவினாள்.

சனிக்கிழமை டாக்டர் முன்னால் கைக்காரியையும் ஓவர்லாக்கையும் ஒன்றாக நிறுத்தினேன். பாட்டிலையும் நாற்காலியையும் பக்கத்தில் வைத்தேன். அவர் லேபிளைப் படித்தார், கையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே களிம்பு எழுதினார். கைக்காரியின் தாளில், "தொற்றுநோய் இல்லை, வேலைக்குத் தகுதி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிருமிநாசினியை இனிமேல் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு வார்த்தை சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் விடவில்லை. "கையெழுத்தெல்லாம் சரிம்மா. ஆனா எல்லாரும் பயப்படறாங்க பாரு. பேக்கிங் ரூமுக்குப் போயிடேன். தனியா, நிம்மதியா இருக்கலாம்."

"அட்டைப்பெட்டித் தூசியில ஒரே வாரத்துல மூச்சு அடைச்சிடும் சார். அதுக்கு நேராவே வெளிய போன்னு சொல்லிடுங்க. அதையும் எழுத்துல குடுங்க."

அவர் அவளை அவள் மெஷினுக்கே போகச் சொன்னார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்து நாளில் பட்டைகள் உரிந்து அடங்கின. ஓவர்லாக்கின் கையும் தேறியது. டாக்டர் களிம்பு தொற்றை விரட்டிவிட்டது என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். ஒருநாள் இருவரும் களிம்புக்காக என் அறையில் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

"இன்னும் ரெண்டு நாள்ல சுத்தமாப் போயிடும்கா" என்றாள் கைக்காரி. "அப்புறம் கையைக் கண்ணாடியில காட்டி அழகு பாத்துக்குங்க."

"வாயைப் பாரு" என்றாள் ஓவர்லாக்.

"என் உடம்புல உரியாத இடம் அது ஒண்ணுதான்."

ஓவர்லாக் களிம்பை வாங்கிக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மருத்துவ அட்டை வந்தது. கைக்காரி அதை என்னிடம் கொண்டுவந்து, பேர் சரியாக அடித்திருக்கிறதா என்று படித்துப் பார்க்கச் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.

"ஊர் பழகிடுச்சா?" என்றேன்.

"எனக்கு இந்த ஊரைப் பிடிக்கல. இந்த ஊருக்கு என்னைப் பிடிக்கல. அதனால என்ன? எங்க வீட்டுச் சுவர்கூடத்தான், என்னைப் பிடிச்சா நின்னுக்கிட்டு இருக்கு?"

தோல் டாக்டர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டாள். செவ்வாய், ஒன்பது மணி என்றேன். என் மேசையிலேயே நின்று அரை நாள் விடுப்புக்கு எழுதி, சூப்பர்வைசரிடம் நீட்டப் போனாள்.